மிலுஷாவின் பைக்குள் என்ன இருந்தது

ஓல்ஷின்கா கண்ணாடித் தொழிற்சாலைக் கேண்டீனில் மிலுஷா கோர்பெலோவா வேகவைத்த மாவு உருண்டைகளை வரிசையாக வைத்தால் பிராக் வரைக்கும் போய், அங்கே ஒரு பீர் குடித்துவிட்டுத் திரும்பியும் வரலாம். அவள் வைத்த பயறுக் குழம்புக்கு இரண்டாம் தட்டு கேட்காத ஆள் கிடையாது. ஊர் அதையெல்லாம் மறந்துவிட்டது. நன்றி கெட்ட ஊர். அதற்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது அவளுடைய பை ஒன்றுதான்.

பை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கை நீளத்தில், வெறும் பருத்தித் துணியில், அவளே தைத்த பை. அதற்குள் தேயிலையைப் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையை ஐம்பது லிட்டர் அண்டாவின் காதில் முடிந்து, கொதிநீரில் இறக்கிவிடுவாள். அந்தக் காலத்தில் ஜார்ஜியாவிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் தேயிலை. தேயிலை என்று பெட்டியின் மேலே எழுதியிருக்கும். உள்ளே பாதி குச்சி, கால்வாசி தூசி, மிச்சம்தான் இலை. பையில் கட்டாமல் அப்படியே அண்டாவில் கொட்டினால், குடிக்கிறவன் பல்லிடுக்கில் ஒரு தோட்டமே முளைக்கும்.

பை விஷயத்தில் மிலுஷாவுக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. புதுத் துணியை மூன்று முறை கொதிக்க வைத்துக் கொட்டாமல் தைக்க மாட்டாள். இல்லாவிட்டால் கடைக் கஞ்சியின் வாசனை டீயில் இறங்கும். பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலை போட மாட்டாள், ஊறினால் இலைக்கு இடம் வேண்டும். எட்டு நிமிடம் ஆனதும் தூக்கிவிடுவாள். தூக்கிய பையைப் பிழியவே மாட்டாள், பிழிந்தால் கசப்பு முழுதும் இறங்கிவிடும். சோப்பைக் கண்ணிலும் காட்டமாட்டாள். சக்கையைக் கொட்டி, பையின் உள்புறம் வெளியே வரத் திருப்பி, மூன்று தண்ணீரில் அலசி, உடனே காயப்போட வேண்டும். ஒரு நாள் ஈரமாக விட்டாலும் பூஞ்சை பிடித்துவிடும். இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு பை அரை வருடம் உழைக்கும். நிறம் மட்டும் ஒரே வாரத்தில் பழுப்பாகி, பிறகு பார்க்கச் சகிக்காத பழுப்பாகிவிடும்.

துணிக்காக ஊர்க் கடைக்குத்தான் போவாள். குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் மெல்லிய பருத்தித் துணி டஜன் கணக்கில் அங்கே கிடைக்கும். பைக்கு அதைவிட நல்ல துணி உலகத்தில் இல்லை. கல்யாணம் ஆகாத நாற்பத்தோரு வயதுக்காரி வருடா வருடம் குழந்தைத் துணி வாங்கினால் கடைக்காரியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"என்ன மிலுஷா, இந்த வருஷமும் ஒரு டஜனா? எப்போ பொறக்குது?"

"எனக்கு இல்ல, அண்டாவுக்குத்தான் மாசம். நாளைக்கு அம்பது லிட்டர் பெத்துத் தள்ளுது, பாவம்."

இருவரும் சிரிப்பார்கள். கடைக்காரி சிரித்ததை உடனே மறந்துவிடுவாள். மிலுஷா தொழிற்சாலை வாசல் வரைக்கும் மறக்கமாட்டாள். பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் போய் யிஹ்லாவா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவள் அவள். அங்கே ஒரு ரயில்வேக்காரன், 'வீடு ஒதுக்கட்டும், கல்யாணம் பண்ணிக்கலாம்' என்று ஏழு வருடம் காக்க வைத்தான். வீடு ஒதுக்கினார்கள். அவன் வேறொருத்தியோடு குடிபோனான். மிலுஷா ஒரு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாக ஊர் திரும்பினாள். இனி எந்த ஆணிடமும் 'எப்போது' என்று கேட்பதில்லை என்று அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாள். இந்தக் கதையின் சங்கடமெல்லாம் அந்த முடிவில்தான் இருக்கிறது.

எழுபத்திரண்டாம் வருடம் வரைக்கும் தொழிற்சாலையில் மிலுஷாவின் டீயை உடம்பு சரியில்லாதவர்களும் கணக்குப்பிள்ளைகளும்தான் குடித்தார்கள். உலைக்கு முன்னால் நின்று கண்ணாடி ஊதுகிறவர்கள் பீர் குடித்தார்கள். அந்தச் சூட்டில் நாள் முழுதும் நிற்கிறவனுக்குத் தண்ணீர் போல வாளி வாளியாக இறங்கும். ஒருநாள் ஒருவன் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிட்டு, ஆறாத கண்ணாடிக் கட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதம் அவன் நின்றுகொண்டுதான் சாப்பிட்டான். டைரக்டர் புர்டா அன்றோடு உலைக்கூடத்தில் பீரைத் தடை செய்தார். இனி எல்லோருக்கும் டீ, இலவசமாக, எவ்வளவு வேண்டுமானாலும் என்று அறிவிப்பு ஒட்டினார்.

கேண்டீன் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, எண் போட்டு, ஆளுக்கொரு எனாமல் மக் மாட்டினார்கள். உலகத்துக்கெல்லாம் பளிங்குக் கோப்பை ஊதித் தள்ளுகிறவர்கள் தகர மக்கில் டீ குடித்தார்கள். குடித்ததோடு விட்டார்களா? அண்டாவில் மிதக்கும் பழுப்புப் பையைப் பார்த்து நாளும் ஒரு கிண்டல். அதில் முன்னால் நின்றவர் மாஸ்டர் ஹவ்ரானெக். வைன் கோப்பையின் தண்டை அவரைப் போல மெலிதாக இழுக்க அந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. வயிற்றை அவரைப் போலப் பெரிதாக வளர்க்கவும் ஆள் இல்லை.

"மிலுஷா, இன்னிக்கு யாரோட ஜட்டி வேகுது?" என்றார் எழுபத்து நான்காம் வருடம் ஒரு காலையில், முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது.

"உங்களோடது இல்ல மாஸ்டர். அதுல வேக வைக்க ஒண்ணும் இல்லன்னு கேள்விப்பட்டேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஒருவன் மக்கைக் கீழே போட்டே சிரித்தான். மிலுஷா வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் ஒன்றும் கேள்விப்படவில்லை. ஆனால் ஹவ்ரானெக்கின் முகம் உலைக்குள் விட்ட இரும்பைப் போலச் சிவந்ததைப் பார்த்ததும், ஐயையோ, இருட்டில் எறிந்த கல் யார் தலையிலோ பட்டுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

பட்டது சரியான இடத்தில்தான். ஹவ்ரானெக்கின் மனைவி யிந்த்ரா, பொதி கட்டும் கூடத்தில் கோப்பைகளை மரத்தூளில் பொதிகிறவள், ஐம்பது வயதிலும் திடமான மனுஷி, அந்த வருடம் புருஷனிடம் சில கேள்விகள் கேட்க ஆரம்பித்திருந்தாள். கட்டிலில் கேட்கப்படும் கேள்விகளுக்குத் தூங்குவது போல நடித்து எத்தனை நாள் பதில் சொல்ல முடியும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாஸ்டர் ஹவ்ரானெக் டீ கோணல் என்றார்.

"எல்லாம் அந்த டீதான் யிந்த்ரா. பட்டாளத்துல போடுவாங்களே புரோமைடு, அதைப் போடறா அந்தச் சமையக்காரி. டைரக்டர் உத்தரவு. ஆம்பளைங்க அடங்கிக் கெடக்கணும்ல."

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் பட்டாளத்துக்குப் போய் வந்த எவனும், பாசறை டீயில் புரோமைடு போட்டார்கள், அதனால்தான் இரண்டு வருடம் பெண் நினைப்பே வரவில்லை என்று சத்தியம் செய்வான். போட்டதைப் பார்த்தவன் ஒருவனும் கிடையாது. கடவுளை நம்பாதவன்கூட புரோமைடை நம்பினான். எனவே யிந்த்ராவும் நம்பினாள். ஒரே வாரத்தில் பொதி கட்டும் கூடம் நம்பியது. அடுத்த வாரம் உலைக்கூடம் நம்பியது. இத்தனை நாள் வீட்டில் எதற்கெல்லாமோ காரணம் தேடிக்கொண்டிருந்த புருஷர்கள் அத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் காரணம் கிடைத்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மிலுஷாவிடம் இருந்தது அண்டா மூடிதான்.

இதில் கொடுமை என்னவென்றால், ஹவ்ரானெக் அந்த டீயில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. பதினேழாம் எண் ஆணியில் அவருடைய மக் இரண்டு வருடமாகக் காய்ந்து தொங்கியது. அதற்குள் ஒரு சிலந்தி குடும்பம் நடத்தியது. மர அச்சுகளை நனைக்கத் தண்ணீர் வைத்திருக்கும் பூவாளியில் அவர் தண்ணீர் வைக்கவில்லை, பீர் வைத்திருந்தார். உலைக்கூடம் முழுக்க இது தெரியும். மிலுஷாவுக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டார்கள். கண்ணாடிக்காரர்களில் திருடன் இருக்கலாம், குடிகாரன் இருக்கலாம், மேலிடத்தில் போட்டுக்கொடுக்கிறவன் மட்டும் இருக்கக்கூடாது.

ஏப்ரலில் அண்டா பாதி நிறைந்தபடி திரும்பி வந்தது. மே மாதம் முழுசாகத் திரும்பி வந்தது. ஆட்கள் குழாய்த் தண்ணீர் குடித்தார்கள், ஹவ்ரானெக்கின் பூவாளிக்கு நண்பர்கள் பெருகினார்கள். மிலுஷா ஐம்பது லிட்டர் டீயையும் டைரக்டரின் ரோஜாச் செடிகளுக்கு ஊற்றினாள். அவை அந்த வருடம் காடாகப் பூத்தன. அவற்றுக்கு ஒரு குறைவும் வரவில்லை.

தொழிற்சாலையில் டீயை விடாமல் குடித்தது ஒரே ஒருவன். பாய்லர் அறையில் கரி அள்ளிப் போடும் லொய்ஸா. மனைவி இறந்து நான்கு வருடம் ஆனவன், நெடுநெடுவென்று வளர்ந்தவன், வருடத்துக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். கேண்டீன் ஈரத்தில் பை காயாமல் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தபோது, "எங்கிட்ட சூடான குழாய் இருக்கு" என்று அவன்தான் ஒருநாள் ஜன்னல் பக்கம் வந்து சொன்னான். அந்த வருடத்தின் நாலு வார்த்தை அப்படிச் செலவாயிற்று.

அன்றிலிருந்து ஷிப்டு முடிந்து இரண்டரை மணிக்கு, அலசிய பையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மிலுஷா பாய்லர் அறைக்குப் போவாள். கூடவே ஒரு கெட்டிலில் டீயும் போகும். பையைக் குழாய் மேல் போடுவாள். அது காய அரை மணி நேரம் ஆகும். முதல் குளிர்காலம் முழுக்க இருவரும் பை காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் குளிர்காலத்தில் பை தானாகவே காய்ந்துகொள்ளும் என்று கண்டுபிடித்தார்கள்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, குழாய் மேல் பையை விரித்தபடியே, அவனைப் பார்க்காமல், மிலுஷா சொன்னாள்.

"மூணு மாசம் ஆச்சு. டாக்டர் பாத்துட்டார். டிசம்பர்ல பொறக்கும்."

லொய்ஸா மண்வெட்டியை எடுத்தான். கரியை அள்ளி உலையில் போட்டான். இன்னும் ஒரு முறை போட்டான். அழுத்தமானியைப் பார்த்தான். "ம்" என்றான்.

அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமையும் பை காய்ந்தது, புதன்கிழமையும் காய்ந்தது. அவன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான், மீன் போல. 'கேட்கமாட்டேன். செத்தாலும் கேட்கமாட்டேன்' என்று மிலுஷா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருவனிடம் கேட்டுக் கேட்டு ஏழு வருடம் போனது போதும். ஆனால் வீட்டுக்குப் போய் முட்டைக்கோசு நறுக்கும்போது வெங்காயம் இல்லாமலே அழுதாள். அவளுக்கு அந்தக் குழந்தை வேண்டும், அந்தச் சமையலறை வேண்டும், அந்த ஊமையும் வேண்டும். மூன்றில் எதை விடுவது என்று யாராவது கேட்டால் அகப்பையால் அடித்திருப்பாள்.

அதே வாரம் யிந்த்ரா டைரக்டர் அறைக்குள் நுழைந்து எழுத்தில் புகார் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் கலாச்சார மன்றத்தில் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. வழக்கமாகக் கூட்டத்துக்கு ஆள் பிடிக்கக் கதவைப் பூட்டவேண்டியிருக்கும். அன்றைக்கு நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பிலெல்லாம் உட்கார்ந்தார்கள். மேடையில் மேசை, மேசை மேல் கூஜா, கூஜாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில், கொலைக் கருவி போல, மிலுஷாவின் பை.

டைரக்டர் புர்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"தோழர்களே, ஆண் தொழிலாளர்களிடையே ஒரு... பொதுவான உற்சாகக் குறைவு ஏற்பட்டிருப்பதாக..."

"பொதுவா இல்ல தோழர், குறிப்பா ஒரு எடத்துல!" என்றது பின்வரிசை.

சிரிப்பு அடங்குவதற்குள் யிந்த்ரா எழுந்தாள். "சுத்தி வளைக்க வேணாம் தோழர் டைரக்டர். என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா கட்டில்ல மரக்கட்டை மாதிரி கெடக்குறாரு. மரக்கட்டையாச்சும் அடுப்புக்கு ஆகும். அந்த டீயில என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஹவ்ரானெக் நாற்காலிக்குள் முடிந்தவரை சின்னதாகிவிடப் பார்த்தார். அந்த வயிற்றோடு அது ஆகிற காரியமா? வீட்டுக்குள் சொன்ன ஒரு பொய் இப்படி மேடை ஏறும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

கண்ணாடி அறுக்கிற ஒருவன் சாட்சி சொல்ல எழுந்தான். "நான் கண்ணால பாத்தேன். தினம் ரெண்டரை மணிக்கு இந்தப் பையைத் தூக்கிட்டு பாய்லர் ரூமுக்குப் போறா. கதவைச் சாத்திக்கிறா. அரை மணி நேரம்! ஒரு துணியைக் காயப்போட அரை நிமிஷம் போதாதா? வெளிய வரும்போது கன்னம் செவந்திருக்கு, தலை கலைஞ்சிருக்கு. புரோமைடு நெடி ஏறினா அப்படித்தான் ஆகுமாம். எங்க மச்சான் சொன்னான். பட்டாளத்துல மருந்து ரூம்ல இருந்தவன்."

"தோழர் கோர்பெலோவா," என்றார் டைரக்டர், "அந்த அரை மணி நேரம் பாய்லர் ரூம்ல என்னம்மா பண்றீங்க?"

மிலுஷா எழுந்து நின்றாள். அவள் கையில் இரண்டு பதில்கள் இருந்தன. பதினேழாம் எண் மக்கைக் கொண்டுவாருங்கள், உள்ளே சிலந்தி இருக்கும் என்றால் போதும், இந்தக் கூத்து அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பூவாளி வெளியே வரும், ஹவ்ரானெக்கின் வேலை போகும், அவள் போட்டுக்கொடுத்தவள் ஆவாள். இரண்டாவது பதில் அவள் வயிற்றில் இருந்தது. அதை அவள் மட்டும் சொல்லக்கூடாது. அவள் சொன்னால் அது கேட்டது போல ஆகிவிடும். நான்காம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த நெட்டை உருவத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"பை காயறதைப் பாத்துட்டிருப்பேன்," என்றாள்.

மண்டபத்தில் முணுமுணுப்பு ஓடியது. டைரக்டர் பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவர் இல்லை, வீட்டுக்குச் சீக்கிரம் போகவேண்டியவர். "அப்படின்னா நாளையிலேர்ந்து டீ வேணாம், சோடா பாட்டில் குடுத்துடலாம். தோழர் கோர்பெலோவாவைப் பொதி கட்டற பகுதிக்கு மாத்தலாம். சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் ஏழெட்டுக் கைகள் எழுந்தன. பிறகு அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு இன்னும் இருபது. அப்போது நான்காம் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. லொய்ஸா எழுந்து நின்றான்.

"நான் பாய்லர் ஆளு," என்றான்.

"அது எங்களுக்குத் தெரியும் லொய்ஸா, உக்காரு," என்றார் டைரக்டர்.

"உக்கார்றதுக்கு எந்திரிக்கல." அவன் தொப்பியைக் கையில் வைத்து ஈரத்துணி போல முறுக்கினான். "பை காய அரை மணி ஆகும். அது வரைக்கும் நாங்க சும்மா இருக்க முடியுமா?"

மண்டபத்துக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் பெண்களுக்குப் புரிந்தது. யாரோ "அம்மாடி!" என்றார்கள். அறுப்புக்காரன் இன்னும் புரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்தான், பக்கத்து ஆள் அவன் காதில் ஏதோ சொன்னான், அவனுடைய வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

லொய்ஸா நிறுத்தவில்லை. மடை திறந்தால் திறந்ததுதான். "அந்த டீயை நான் ஒரு நாளைக்கு எட்டு மக் குடிக்கறேன். ரெண்டு வருஷமா. ஞாயித்துக்கெழமைக்கு ஃபிளாஸ்க்ல வீட்டுக்கு வேற எடுத்துட்டுப் போறேன். டிசம்பர்ல எங்களுக்குக் கொழந்தை பொறக்கப் போகுது. புரோமைடு எங்க வேலை செஞ்சுதுன்னு நீங்களே பாத்துக்குங்க." பிறகு தரையைப் பார்த்து, இன்னும் மெதுவாக, "கல்யாணம் அடுத்த சனிக்கெழமை வெச்சுக்கலாம்னு. அவ சம்மதிச்சா. இன்னும் கேக்கல," என்றான்.

"கேக்கறதுக்கு ஒனக்கு இதுதான் எடமா?" என்றாள் மிலுஷா.

"பாய்லர் ரூம்ல ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். ஆவி அழுத்தம் ஏறிடுச்சு."

மண்டபம் வெடித்தது. ஜன்னலில் இருந்தவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். தூக்கிய கைகள் எப்போது இறங்கின என்று யாருக்கும் தெரியவில்லை. மிலுஷா இடுப்பில் கட்டிய ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று பிறகு ஊர் பல நாள் சண்டை போட்டது. இரண்டும்தான். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஏப்ரனுக்குள்ளிருந்தே தலையை ஆட்டினாள், சனிக்கிழமைக்குச் சம்மதம் என்று.

எல்லோரும் எழுந்து கை குலுக்கப் போகும்போது யிந்த்ரா மட்டும் உட்கார்ந்தபடியே புருஷனிடம் மெல்லத் திரும்பினாள்.

"லொய்ஸா எட்டு மக். நீங்க எத்தனை?"

இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அதை ஓல்ஷின்கா அன்றுதான் நேரில் பார்த்தது. ஒன்றுமில்லை என்றால் மேடையில் டைரக்டர் இருக்கிறார், பூவாளி மாட்டிக்கொள்ளும். எட்டு என்றால் லொய்ஸா நிற்கிறான். ஹவ்ரானெக் அண்டாவில் விழுந்த எலி போல மிலுஷாவைப் பார்த்தார். உலைக்கூடத்து ஆண்கள் அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.

மிலுஷா ஏப்ரனை இறக்கினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"மாஸ்டர் ரெண்டு மக் குடிப்பார்," என்றாள். "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு."

ஹவ்ரானெக் உயிர் வந்தவராக மூச்சு விட்டார். பாதி மூச்சுதான் விட்டிருப்பார்.

"ரெண்டே ரெண்டா?" என்றாள் யிந்த்ரா. "அந்த மனுஷன் எட்டு குடிச்சுட்டு நாப்பத்தெட்டு வயசுல அப்பனாகுறான், நீங்க ரெண்டைக் குடிச்சுட்டுப் பழியை டீ மேல போடறீங்களா? நாளையிலேர்ந்து எட்டு. நான் வந்து எண்ணுவேன்."

எண்ணவும் செய்தாள். சிலந்தியை மிலுஷா பத்திரமாக ஜன்னலுக்கு மாற்றிவிட்டு, பதினேழாம் எண் மக்கைக் கழுவி வைத்தாள். முதல் நாள் ஹவ்ரானெக் எட்டு மக் குடித்துப் பதினோரு முறை கழிப்பறைக்கு ஓடினார். பொதி கட்டும் கூடத்து ஜன்னலிலிருந்து யிந்த்ரா ஒவ்வொரு மக்குக்கும் ஒரு விரலை மடக்கினாள். எட்டு மக் டீ இருக்கிற வயிற்றில் பீருக்கு இடம் ஏது? ஒரு வாரத்தில் பூவாளியில் தண்ணீரே இருந்தது. ஒரு மாதத்தில் மாஸ்டரின் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, யிந்த்ரா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கேண்டீன் ஜன்னலுக்கு வந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"மிலுஷா, அந்தப் பை ஒண்ணு வீட்டுக்குத் தைச்சுத் தர்றியா? ஞாயித்துக்கெழமைக்கும் வேணும்."

அவள் பக்கத்தில் வரிசையில் நின்றது இரண்டே பெண்கள்தான். மத்தியானத்துக்குள் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஐம்பது லிட்டர் அண்டா ஒன்பது மணிக்கே காலி. வாரக் கடைசியில் இரண்டாவது அண்டா வாங்கினார்கள். புரோமைடு என்று கைதூக்கியவர்களே மக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முதலில் நின்றார்கள். டைரக்டர் தன் அறைக்கு ஒரு கெட்டில் அனுப்பும்படி, உடல்நலம் கருதி, சொல்லி அனுப்பினார்.

அதே ஜார்ஜியக் குச்சி, அதே தூசி, அதே பை. மாஸ்டரைக் குணமாக்கியது டீ இல்லை, பீர் இல்லாததுதான் என்று மிலுஷாவுக்கு நன்றாகவே தெரியும். லொய்ஸா மட்டும் ஒருநாள் கேட்டான், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று. "வேணாம்," என்றாள் அவள், வளர்ந்த வயிற்றின் மேல் துணியை வைத்துத் தைத்தபடி. "பொய்யைச் சொல்லிக் குடிக்காம விட்டானுங்க. பொய்யைச் சொல்லியே குடிக்கட்டும்."

இலையுதிர் காலத்துக்குள் ஓல்ஷின்காவில் பை இல்லாத வீடு இல்லை. மூன்று முறை கொதிக்க வை, மூன்றில் ஒரு பங்கு இலை, பிழியாதே, சோப்புப் போடாதே என்று ஊரே பாடம் ஒப்பித்தது. லிண்டன் பூவுக்கு ஒரு பை, ரோஜாக்காய்க்கு ஒரு பை, புருஷனுக்கு ஒரு பை.

குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதுவும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது, கொண்டுவந்தால் ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இத்தனை வருடம் காத்தவள் அதில் விஷப்பரீட்சை செய்வாளா? மிலுஷா தொட்டிலைக்கூட அடுத்த வீட்டில்தான் வைத்திருந்தாள். டிசம்பர் ஒன்பதாம் தேதி யிஹ்லாவா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றரைக் கிலோ, தொண்டை மட்டும் பத்துக் கிலோ. லொய்ஸா அன்றே ஊர்க் கடைக்கு ஓடினான்.

"ரெண்டு டஜன் கொழந்தைத் துணி குடுங்க."

கடைக்காரி கையை விரித்தாள். "ஒண்ணுகூட இல்லையே லொய்ஸா. அக்டோபர்லயே தீந்துபோச்சு. ஊரெல்லாம் வாங்கிப் பை தைச்சுட்டாங்க. அடுத்த லாரி ஜனவரியிலதான்."

ஊர் தன் தவறை உணர அரை நாள் ஆயிற்று. மிலுஷா குழந்தையோடு வீடு வந்த அன்று மாலை, முதலில் கதவைத் தட்டியவர் மாஸ்டர் ஹவ்ரானெக். மெலிந்திருந்தார். கையில் நான்காக மடித்த ஒரு துணி.

"யிந்த்ரா குடுத்துவிட்டா. தையலைப் பிரிச்சு மூணு தடவை கொதிக்க வெச்சா. கறை போகல. ஆனா சுத்தம்," என்றவர், வாசலிலேயே நின்று கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு நீ ரெண்டுன்னு சொன்னியே மிலுஷா..."

"உள்ள வாங்க மாஸ்டர், குளுருது. டீ போடறேன்."

இருட்டுவதற்குள் இருபத்தெட்டுத் துணிகள் வந்துவிட்டன. எல்லாம் தையல் பிரித்தவை, எல்லாம் பழுப்பு. லொய்ஸா அவற்றை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டான். மிலுஷா கட்டிலில் படுத்து, மார்பில் குழந்தையும் கண்ணில் தண்ணீருமாக, தன் பை தன்னிடமே திரும்பி வந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவள் எவனிடமும் எப்போது என்று கேட்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு சிரமம்தான் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க, குழந்தையின் துணியை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல ஓல்ஷின்காவில் ஒருவராலும் முடியவில்லை. முகர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.